கடைசியில் தள்ளும் பாதை

எங்கள் ஊரில் பனி விழுவதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. யார் வீட்டுப் பாதையில் பனியை முதலில் தள்ளினார்கள் என்பதுதான் பேச்சு. அக்டோபரில் முதல் தூறல் வெள்ளையாக விழுந்த அன்றே அது ஆரம்பித்துவிடும். என் கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்கள், தூண்டில் கயிறு வாங்க வருகிறவர்கள், ஒன்றும் வாங்காமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறவர்கள், எல்லாருக்கும் இதே பேச்சு. கடை ஹெஸ்ட்விக் முச்சந்தியில் இருக்கிறது. ஒரு பக்கம் கடலுக்குள் நீளும் முனைக்குப் போகிற பாதை, ஒரு பக்கம் உள்கரைப் பாதை, மூன்றாவது மலையைத் தாண்டி நகரத்துக்குப் போகிற பெரிய சாலை. பெரிய சாலை அரசாங்கத்தின் பாடு. மற்ற இரண்டும் ஊராட்சியின் பாடு. பனி தள்ளும் வண்டிகள் என் ஜன்னலுக்கு எதிரில்தான் திரும்பும். எனக்குத் தெரியாமல் இங்கே ஒரு பாதையும் திறந்ததில்லை.

ஊராட்சி அலுவலகத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள் யோருன். ஊர்ப் பாதைகளை வட்டங்களாகப் பிரிப்பாள். வட்டத்துக்கு ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர். எந்தப் பாதைக்கு என்ன வகை, எதை முதலில் தள்ளுவது, வண்டி எங்கே திரும்புவது, ஒதுக்கிய பனியை எங்கே குவிப்பது, எல்லாம் அவள் கை. மண் இறுகுவதற்கு முன்னால் பாதையோரம் நெடுகக் கழி நடவேண்டும். பனி மூடிய பிறகு பாதை எது, பள்ளம் எது என்று ஓட்டுநருக்குச் சொல்வது அந்தக் கழிதான். அதற்கும் ஆள்விட்டுச் சும்மா இருக்கமாட்டாள். ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தானே நடந்து ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்ப்பாள். வேலையில் அவளைக் குறை சொல்ல எவனுக்கும் வாய் வராது.

அவள் புருஷன் ஹெல்மர் மீன்பிடிக்காரன். உள்கரையில் அவர்கள் வீடு, கீழே படகுக் கொட்டகை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு கடலுக்குப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் டாக்சி வரும். மலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, சாயங்காலம் துவைத்துப் பிழிந்த துணியாகத் திரும்பி வருவான். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. உருளைக்கிழங்கைக்கூட இரவெல்லாம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்தால்தான் தின்னலாம். மற்ற நாட்களில் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து தன் படகைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது போதும் அவனுக்கு. நகரத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கலாமே என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொருத்தன் ஜன்னல் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அந்த வருஷம் உள்கரை ஓட்டுநர் முதுகுவலி தாங்காமல் வேலையை விட்டார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. வட்டத்தைக் குறைக்கவேண்டியதாயிற்று. முனையும் உள்கரையும் சேர்ந்து எட்கர் தலையில் விழுந்தன. ஒரு வண்டி, இரண்டு பாதை. ஒன்று முதலில், ஒன்று பிறகு. முதல் பாதையைத் தள்ளி முடிப்பதற்குள் பனி கனத்தால் இரண்டாவதற்கு மத்தியானம்கூட ஆகிவிடும்.

வரிசையை அறிவிக்க ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டாள் யோருன். வாஃபிள் அப்பமும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் தட்டில் கடைசி வாஃபிளை யாரும் எடுக்கமாட்டார்கள். ஒருவர் பாதி எடுப்பார், அடுத்தவர் அதில் பாதி எடுப்பார், கடைசியில் நகக்கண் அளவு ஒரு துண்டு கிடந்து காயும். தனக்கென்று ஒன்றைக் கேட்பதைவிடக் கேவலம் இங்கே வேறு இல்லை. யோருனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தன் கோடைக்குடிலுக்குப் போகிற சந்துக்கு முதல் வகை கொடுத்துவிட்டார். அவர் செத்த பிறகும் அந்தச் சந்துக்கு ஊர் வைத்த பெயர் சாகவில்லை. அதை இங்கே எழுத முடியாது.

யோருன் வரைபடத்தைச் சுவரில் மாட்டி வாசித்தாள். முனையில் மாட்டுப்பண்ணை, பால் வண்டி, மீன் இறக்கும் துறை, பள்ளிப் பேருந்து. ஆகவே முதலில் முனை. அடுத்து அதே வழியில் பள்ளிக்கூட மேடு. கடைசியில் உள்கரை.

எல்லாரும் ஹெல்மரைப் பார்த்தார்கள். அவன் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யாரோ தொண்டையைச் செருமி, "நல்லாப் போட்டிருக்க யோருன்" என்றார்கள். நேர்மையானவள் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டார்கள். ஹெல்மர் டாக்சிக்கு என்ன செய்வான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அவளைத் தனக்கென்று சலுகை தேடச் சொன்னதாக ஆகிவிடுமாம். நல்லவர்கள் கூடிக்கூடி இப்படித்தான் ஒருவனை அம்போவென்று விடுவார்கள்.

நவம்பரில் முதல் பெரும்பனி விழுந்தது. இரண்டு நாள் கழித்து எட்கர் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது யோருன் உள்ளே வந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"எட்கர், செவ்வாக்கெழம எங்கேந்து ஆரம்பிச்ச?"

"எங்கேந்து? வண்டியில ஏறி உக்காந்து ஆரம்பிச்சேன்."

"கேலி பண்ணாத. உன் வண்டி எங்க போச்சு, எப்ப போச்சுன்னு எல்லாம் என் கம்ப்யூட்டர்ல கோடு கோடா வருது. முதல்ல உள்கரைக்குப் போயிருக்க."

"ஓ, அந்தப் பெட்டியா? நான் ரேடியோன்னுல்ல நெனச்சேன். பாட்டே வரலியேன்னு ரெண்டு தட்டு தட்டினேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"முனையில பால் வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. டிரைவர் எனக்கு ஃபோன் போட்டுக் கத்தறான்."

"கத்தட்டும். பால் என்ன குளிர்ல கெட்டுடுமா? வெளிய வச்சா ஐஸ்கிரீம் ஆகும். உன் புருஷன் வாசல்ல பைய வச்சிக்கிட்டு டாக்சிக்கு நிக்கறான் யோருன். நேரத்துக்கு மிஷின்ல படுக்கலேன்னா என்ன ஆகும்னு நானா உனக்குச் சொல்லணும்?"

"வரிசை வரிசைதான்."

"அந்த வரிசைய யாரு போட்டா? மோசே மலையிலேந்து தூக்கிட்டு வந்தாரா? மலையடி வீட்டு ஒட்மாருக்குக் கால எடுத்தப்ப, ஆஸ்பத்திரிக்குப் போற ஆளுன்னு சொல்லி அந்தப் பாதைய ஒரே நாள்ல மேல தூக்கி வச்சது யாரு? நீதான?"

"அவரு வந்து கேட்டாரு. விதியில அதுக்கு இடம் இருக்கு. தூக்கி வச்சேன்."

"ஹெல்மருக்கு மட்டும் விதியில இடம் இல்லயா?"

யோருன் என் ரொட்டி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹெல்மர் என் வீட்டுல இருக்கான்" என்றாள். "வேற எந்த வீட்டுல இருந்தாலும் செஞ்சிருப்பேன்."

"அப்ப ஒண்ணு செய். அவன என் வீட்டுல கொண்டாந்து விடு. நான் முனையிலதான இருக்கேன். எம் பொண்டாட்டி ஓடிப்போனதுலேந்து ஒரு கட்டில் காலியாத்தான் கெடக்கு."

"இன்னொரு தடவ வரிசைய மாத்தினா எச்சரிக்கைய எழுத்துல குடுப்பேன் எட்கர். ரெண்டு எச்சரிக்கை வந்துச்சுன்னா வட்டம் உன் கைய விட்டுப் போயிடும். விளையாட்டுக்குச் சொல்லல."

"குடு தாயி. உன் நேர்மைய நீயே மடியில வச்சுக் கொஞ்சு" என்று சொல்லிவிட்டு எட்கர் எழுந்து போய்விட்டான். போகிற போக்கில் கதவை அறைந்ததில் அதில் தொங்கிய மணி அறுந்து விழுந்தது. யோருன் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன பேசுவது? ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

எட்கர் அதன்பிறகு வரிசையை மாற்றவில்லை. பனி விழுந்த நாட்களில் முனையில் பேய் பிடித்தவன்போல ஓட்டி, இரண்டு கழியைக்கூட முறித்துக்கொண்டு, உள்கரைக்கு ஓடுவான். பெரும்பாலும் டாக்சிக்காரன் பாதை திறக்கும்வரை கடை வாசலில் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பான். பாதி நாள் ஹெல்மர் தாமதமாகப் போய்ப் பாதி நேரம்தான் மிஷினில் படுப்பான். கிறிஸ்துமஸ் வரை அப்படியே ஒப்பேறியது.

குளிர்காலத்தில் எங்கள் வடக்கில் மறைந்துபோகிற சூரியன் ஜனவரியில் இன்னும் திரும்பியிருக்கவில்லை. வடமேற்கிலிருந்து புயல் வந்தது. மூன்று நாள் வீட்டுக் கூரையைப் பிடித்து உலுக்கிய காற்று. யோருன் அலுவலகத்திலேயே போனும் கையுமாக உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே சிக்கியது, எதை எங்கே திருப்புவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முனையில் பால் வண்டி குறுக்காகச் சறுக்கி நின்றுவிட்டது. எட்கர் அதை இழுத்து வெளியே எடுப்பதற்குள் அவன் தள்ளிய இடமெல்லாம் மறுபடியும் மூடிக்கொண்டது. உள்கரைக்கு அவன் வரவே இல்லை.

ஹெல்மர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஏற்கனவே ஒரு முறை மிஷினில் படுப்பது தவறியிருந்தது. டாக்சி கடை வாசலில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தே வருவதென்று கிளம்பிவிட்டான். எனக்குப் போன் செய்து, "நான் வந்துக்கிட்டு இருக்கேன், அவனக் கொஞ்சம் நிறுத்தி வையி" என்றான். பனி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பாதை என்று எதுவும் இல்லை. கழியின் சிவப்பு நுனி மட்டும் தெரிந்தது. மூன்றாவது வளைவில், கழி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பனியில் இடுப்பளவு உட்கார்ந்திருந்தான். முகம் ஊதி, கண் இடுங்கி, மூச்சு சீழ்க்கை அடித்தது.

"உக்காந்து கொஞ்சம் இளைப்பாறினேன்" என்றான்.

"இளைப்பாற நல்ல இடம் பாத்த, மடையா. ஏறு."

கடைக்கு வருவதற்குள் மலைச்சாலையையும் மூடிவிட்டார்கள். மறுநாள் காற்று தணிந்ததும் மீட்புப் படகு வந்து அவனைக் கடல்வழியே கொண்டுபோயிற்று. பிழைத்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பாதை நம்பிக்கையில்லாத இடத்துக்கு இனி அனுப்பமாட்டோம், பனி உருகும்வரை நகரத்தில் பராமரிப்பு வீட்டில்தான் இருக்கவேண்டும். அதற்குப் பிறகும் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் எங்களுக்கு அர்த்தம் தெரியும். அங்கே போன நோயாளிகள் வெயில் வந்தபிறகும் திரும்பியதில்லை.

துணிமணி எடுத்துப் போக ஒருநாள் வந்தான். யோருன் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, இவன் கடையில் எங்களோடு உட்கார்ந்தான். ஒரு மிடறு காப்பிதான் அவனுக்கு அளவு. அதை நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அவளக் குத்தம் சொல்லாதீங்க" என்றான், நாங்கள் எதுவும் சொல்லாதபோதே. "நான் கேட்டேன் ஒரு தடவ. பாதைக்கு வகைன்னு ஒண்ணு இருக்காம். பாலு, பள்ளிக்கூடம், மீனுன்னு மேலேந்து வர்றது. அவ கையில ஒண்ணும் இல்ல. அவ என்ன பண்ணுவா, பாவம்."

எட்கர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வாய்த்துடுக்கில் அவனை மிஞ்ச இந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. அவன்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு யோருன் தனியாக வந்து தனியாகப் போவாள். சனிக்கிழமைகளில் நகரத்துக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவாள். நான் சரக்கு எடுக்கப் போகும்போது நானும் எட்டிப் பார்ப்பேன். அவன் சொன்னது சரிதான், அந்த ஜன்னலில் இன்னொரு ஜன்னல்தான் தெரிந்தது. "படகுமேல பனி நின்னா மேல போட்ட தார்ப்பாய் கிழிஞ்சிடும், தட்டி விடச் சொல்லு" என்பான். "யோருன் தட்டுறா" என்பேன். "நடுவுல அடிக்கச் சொல்லு, ஓரத்துல அடிச்சா பனி விழாம ஏமாத்திடும்" என்பான். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு. வீட்டைப் பற்றி அவன் வேறு எப்படிக் கேட்பான்?

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் சுன்னிவா கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற பெண், உள்கரையின் கடைசி வீட்டில் போன கோடையில்தான் குடிவந்தவள். வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"கடைக்காரரே, நாளையிலேந்து எங்க பாதைய முதல்ல தள்றாங்க, தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"யோருன் அக்காதான். எனக்கு ரெட்டக் குழந்த. ரத்தக் கொதிப்பு வேற. அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வரணும், பாதைக்கு ஏதாவது வழி பண்ணுன்னு மருத்துவச்சி சொன்னாங்க. எனக்குக் கேக்கவே கூச்சம். ரெண்டு வாரம் தள்ளிப்போட்டு இன்னிக்குத்தான் ஆபீஸுக்குப் போனேன். அக்கா அப்பத்தான் காப்பி மிஷின்ல தண்ணி ஊத்தினாங்க. நான் சொல்லி முடிச்சேன், அவங்க கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டினாங்க, எட்கருக்கு ஃபோன் போட்டாங்க. காப்பி இறங்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நான்தான் வீணாப் பயந்துட்டேன்."

அவள் பாலும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனாள். நான் கல்லாவின் பின்னால் அப்படியே நின்றேன். அந்தப் பெண்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அவள் கேட்டது நியாயம். யோருன் செய்தது நியாயம். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது.

அடுத்த பெரும்பனியில் எட்கர் வண்டி முகப்பில் பனி தள்ளும் கலப்பையை இறக்கிக்கொண்டு நேரே உள்கரைக்குத் திரும்புவதை ஜன்னலில் பார்த்தேன். அன்றைக்கே யோருன் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். பாதை இப்போது முதல் வகை என்று சொன்னாள். அவர்கள் விசாரித்துவிட்டு, சரி, வீட்டுக்கு வரட்டும் என்றார்கள். சனிக்கிழமை என் வேனில் வருவதாகச் சொன்னாள். அவனைப் படுக்க வைத்துக் கொண்டுவர அதுதான் வசதி. வழியெல்லாம் மடியில் அவனுடைய கம்பளித் தொப்பியை வைத்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு ஊறவைத்துவிட்டு வந்திருப்பதாகவும், கோட் மீன் ஒரு துண்டு தின்னலாமென்று நர்ஸ் சொன்னதாகவும் பேசிக்கொண்டே வந்தாள். அவ்வளவு பேசி அவளை நான் பார்த்ததில்லை.

ஹெல்மர் முகம் மழித்து, பூட்ஸ் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும், "வேன்ல மீன் நாத்தம் அடிக்குமே. ரொம்ப நாளாச்சு, நல்லா மோந்துக்கறேன்" என்று சிரித்தான். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

"எப்டி நடந்துச்சு?" என்று யோருனைக் கேட்டான். "மேல எவனுக்கோ புத்தி வந்துடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் அவள். ஒரு வார்த்தை. நான் மனசுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் பொய் சொல்லத் தெரியாதவள். ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தாள், அதையும் வைத்துக்காக்கத் தெரியவில்லை.

"சுன்னிவாவுக்கு ரெட்டக் குழந்த. வந்து கேட்டா. மாத்தினேன்."

"யாரு மாத்தினா?"

"நான்தான்."

"மேல கேக்க வேணாமா?"

"வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போற ஆள் இருந்தா நானே மாத்தலாம்."

ஹெல்மர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். ஊதிய முகத்தில் கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாது.

"எவ்ளோ நேரம் ஆச்சு உனக்கு, மாத்தறதுக்கு?"

அவள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு யோருன்."

"காப்பி இறங்கற நேரம்."

அவன் தலையாட்டினான். பிறகு குனிந்தான். குனிவது அவனுக்குக் கஷ்டம், மூச்சு முட்டும். பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"ஹெல்மர், நான் உனக்காக மாத்தியிருந்தா ஊர்ல என்ன சொல்லியிருப்பாங்க? நெனச்சுப் பாரு. உன்னையும் சேத்துத்தான பேசியிருப்பாங்க?"

"பேசியிருப்பாங்க. எட்கர் ரெண்டு நாள் கேலி பண்ணியிருப்பான். அப்பறம் வேற பேச்சுக்குப் போயிருப்பாங்க." ஒரு பூட்ஸைக் கழற்றி வைத்தான். "நான் அந்தக் கழியப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்ல, அப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? பாவம் இவ, கையக் கட்டிப்போட்டு வச்சிருக்காங்க, எவ்ளோ தவிச்சுப் போவாளோன்னு உன்ன நெனச்சு அழுதேன். செத்துடுவோமோன்னு அழல."

"தவிச்சேன் ஹெல்மர். சத்தியமா."

"தெரியும். தவிச்சிருப்ப." இரண்டாவது பூட்ஸும் கழன்றது. "நான் இங்கயே இருந்துக்கறேன்."

யோருன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். "அப்ப நானும் இங்கயே இருக்கேன்" என்றாள். நான் பையைக் கீழே வைப்பதா, தூக்கிக்கொண்டு நிற்பதா என்று தெரியாமல் நின்றேன்.

ஹெல்மர் ஜன்னலைப் பார்த்தான். எதிர் ஜன்னலில் யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"ராத்திரி புயல்னு ரேடியோவுல சொன்னான்" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். "அந்தப் பொண்ணுக்கு வலி வந்தா பாதை தெறந்திருக்கணும். வட்டத்த யாரு பாத்துப்பா? நீ கெளம்பு."

அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். தொப்பியை அவன் கட்டிலில் வைத்தாள். அவன் அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டான், வீட்டுக்குள்ளேயே.

மலை ஏறும்போது காற்று ஆரம்பித்துவிட்டது. யோருன் போனை எடுத்து எட்கரைக் கூப்பிட்டாள். வேலைக் குரல்தான், ஒரு பிசிறு இல்லை. முதலில் உள்கரை, கடைசி வீடு வரைக்கும், திரும்புகிற இடத்தை அகலமாக எடு, ஆம்புலன்ஸ் வந்தால் திரும்பவேண்டும் என்றாள். எட்கர் சத்தம் வேன் முழுக்கக் கேட்டது.

"அதெல்லாம் எடுத்தாச்சு. உங்க வாசலயும் தரை தெரியத் தள்ளி மணல் தூவி வச்சிருக்கேன். ஹெல்மர் வழுக்காம நடக்கணும்ல? பக்கத்துல இருக்கானா? குடு அவன்கிட்ட."

யோருன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் வரல" என்றாள். "நீ பாதையத் தள்ளு."